சிம்மாசனத்துக் காலைச் சிறைபிடித்த கதை

முன்னொரு காலத்தில், அரசர் தும்மினால் நாட்டுக்கே ஜலதோஷம் என்று எல்லோரும் மூக்கைத் துடைத்துக்கொண்ட காலத்தில், வச்சிரதேகன் என்றொரு மன்னர் இருந்தார். பெயருக்கேற்ற வச்சிர உடம்பா என்று கேட்காதீர்கள். நெய்யும் பாயசமும் பார்த்துப் பார்த்து வளர்த்த உடம்பு அது. மற்றபடி நல்ல மனிதர்தான். கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் சொல்வதை நம்பிவிடுவார், அது ஒன்றுதான் குறை. அந்தக் காதுக்கு மிக அருகில் ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்தவர் தலைமை அமைச்சரான பிரதானி கார்மேகர்.

அதே அவையில் விதூஷகனாக இருந்தவன் பூவராகன். அவன் வாயைத் திறந்தால் அவை குலுங்கும். வாயில் காவலர்கள்கூட வேலைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்காத ஒரே ஆள் அவன் மனைவி குஞ்சம்மாள். அவள் சிடுமூஞ்சி அல்ல. தெருவில் யாராவது வேட்டி தடுக்கி விழப்போனால் போதும், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். புருஷன் சொல்லும் விகடத்துக்கு மட்டும் "ம், அப்புறம்?" என்பாள். ஊரையே சிரிக்க வைத்தவனுக்கு வீட்டில் இந்தக் கதி. வெளியே சொல்லவும் முடியாது.

ஒரு நாள் பூவராகன் கட்டுச்சோற்றை வீட்டிலேயே மறந்துவிட்டு அவைக்குப் போய்விட்டான். குஞ்சம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்து தூண் ஓரமாக நின்றாள். அந்த நேரம் பார்த்து மன்னர் கொலு மண்டபத்துக்குள் நுழைந்தார். கட்டியக்காரன் கட்டியம் கூறினான். புலவர்கள் வாழ்த்தினார்கள். மன்னர் மீசையைத் தடவிக்கொண்டு சிம்மாசனத்தில் அமர்ந்தார்.

படீர் என்று ஒரு சத்தம். சிம்மாசனத்தின் கால்களில் ஒன்று முறிந்து, சிங்கமுகம் ஒரு பக்கம் சாய்ந்து, மன்னர் மல்லாந்து விழுந்தார். கிரீடம் உருண்டோடி ஒரு புலவரின் மடியில் போய் உட்கார்ந்தது. மன்னரின் திருப்பாதங்கள் இரண்டும் கூரையைப் பார்த்து நின்றன. அவையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்த அமைதியில் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. குஞ்சம்மாள்தான்.

முறிந்த கால் உருண்டு பூவராகனின் காலடிக்கு வந்தது. குனிந்து எடுத்தான். தேக்குக் கால் இத்தனை இலேசாக இருக்குமா? மேலே சுற்றியிருந்த தங்கத் தகடு ஓரத்தில் கிழிந்திருந்தது. உள்ளே பட்டையைக்கூடச் சீவாத பச்சை மரம். நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தான். முருங்கை! நாலு நாள் முன்புதான் பழைய கால் உளுத்துவிட்டது என்று சொல்லிப் பிரதானி புதுக்கால் போட்டிருந்தார். அதற்காக அரண்மனைக் கிடங்கிலிருந்து போன தேக்கு அவர் வீட்டில் ஊஞ்சலாக ஆடிக்கொண்டிருப்பது ஊரறிந்த விஷயம். சிம்மாசனத்துக்கு அவர் வீட்டுக் கொல்லை முருங்கை வந்திருக்கிறது.

அதைச் சொல்லப் பூவராகன் வாயெடுத்தான். பிரதானி முந்திக்கொண்டார்.

"அரசே! இது விபத்தன்று, சதி! மறைந்திருக்கும் எதிரி ஒருவன் தங்களை வீழ்த்தியிருக்கிறான். சற்று முன் சிரித்தாளே ஒருத்தி, அது சிரிப்பன்று. காரியம் முடிந்தது என்று அவனுக்குக் கொடுத்த சைகை! நாடு பேராபத்தில் இருக்கிறது. முரசை அறையுங்கள்!"

அந்த அரண்மனையில் ஆபத்து முரசு என்று ஒன்று உண்டு. மன்னரின் பள்ளியறைக்குப் பக்கத்து மாடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் தொங்கும். பகைவர் படை கோட்டை வாசலுக்கு வந்தால் அடிப்பதற்கென்று முன்னோர்கள் கட்டி வைத்தது. அது ஒலித்துவிட்டால் நீதி மண்டபம் மூடிவிடும். மணி அடித்து முறையிட முடியாது. யாரையும் எதற்கும் சிறையில் போடலாம். எத்தனை நாளுக்கு என்றும் கேட்க முடியாது. இடுப்பு வலியில் இருந்த வச்சிரதேகருக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. நேரே போனார், முரசை அடித்தார். குஞ்சம்மாளை அப்போதே சிறைக்கு இழுத்துப் போனார்கள்.

மாலைக்குள் பிரதானி ஆபத்துக்காலக் கட்டளைகளை எழுதி முடித்துவிட்டார். தெருத் தெருவாகத் தண்டோரா போட்டார்கள். மன்னரை வீழ்த்தியவர் எவராயினும் எதுவாயினும், குலம் கோத்திரம் கேளாமல் விலங்கிட வேண்டும். நாட்டில் ஒருவரும் சிரிக்கக் கூடாது. பிரதானியின் பெயரைக் குற்றத்தோடு சேர்த்து உச்சரிப்பவரின் நாக்கு அறுக்கப்படும். ஆபத்து என்னவென்று கேட்பதும் குற்றம்.

தண்டோரா போட்டவனுக்குப் பாவம், பல் எடுப்பு. சிரிப்புக்குத் தடை என்று அறிவிக்கும்போதே அவன் சிரிப்பதுபோல் இருக்கிறது என்று அங்கேயே பிடித்துக்கொண்டு போனார்கள். கொட்டாவி விட்ட கிழவரைத் தூரத்தில் பார்த்த சேவகன் அவரையும் இழுத்துப் போனான். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை, பெண், சம்பந்தி எல்லோரும் துக்கம் விசாரிக்க வந்தவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைகளுக்கு யாரும் கிச்சுக்கிச்சு மூட்டவில்லை. பூவராகன் மட்டும் தினமும் அவைக்கு வந்து ஒரு விகடம் சொல்ல வேண்டும், அதை எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கேட்க வேண்டும் என்று ஏற்பாடு. வீட்டில் பழகிய விஷயம்தானே என்று அவன் சமாளித்துக்கொண்டான்.

ஆனால் வீட்டில்தான் அவளே இல்லையே! அடுப்பு பூனை படுக்கும் இடமாகிவிட்டது. "ம், அப்புறம்?" என்று கேட்க ஆளில்லாமல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சிறைக்குள் போனவர்கள் திரும்பி வந்ததாகச் செய்தியே இல்லை. நேரே மன்னரின் காலில் போய் விழுந்தான்.

"மன்னவா, என் மனைவிக்குச் சிரிப்பு ஒரு வியாதி. எதிரியும் தெரியாது, சைகையும் தெரியாது. அவளை விட்டுவிட வேண்டும்."

மன்னருக்கு மனம் இளகியது. பிரதானி குனிந்து காதில் ஏதோ ஓதினார். இளகிய மனம் மறுபடி இறுகிவிட்டது.

"பூவராகா, என்னை வீழ்த்திய எதிரியை நாளைக் காலை இந்த அவைக்கு விலங்கிட்டுக் கொண்டு வா. உன் மனைவி வீட்டுக்குப் போகலாம். முடியாவிட்டால் நீயும் அவளோடு போய்ச் சேர்."

இல்லாத எதிரியை எங்கே போய்ப் பிடிப்பது? உண்மையைச் சொல்லலாம் என்றால் நாக்கு போய்விடும். நாக்குப் போன விதூஷகனை யார் வைத்துக்கொள்வார்கள்? யோசித்துக்கொண்டே வீடு வந்தவன், அன்றே அவையிலிருந்து மேல்துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த முருங்கைக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பார்த்தான்.

மறுநாள் அவையில் கலகலவென்று சங்கிலிச் சத்தம். பூவராகன் விலங்கை இழுத்துக்கொண்டு வந்தான். விலங்கின் மறுமுனையில் சிம்மாசனத்துக் கால்.

"மன்னவா! தங்களை வீழ்த்திய எதிரி இதோ. பட்டப்பகலில், பெரியோர் பலர் பார்த்திருக்க, தங்களைக் கீழே தள்ளியது இதுவேதான். எதுவாயினும் விலங்கிட வேண்டும் என்பது கட்டளை. குலம் கோத்திரம் கேட்கக் கூடாது என்பதும் கட்டளை. நான் கேட்கவில்லை."

அவையில் இருந்தவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். ஒரு புலவர் சிரிப்பை அடக்கப் போய் விக்கல் எடுத்தார். மன்னரின் மீசைகூட இலேசாக ஆடியது. பிரதானியின் முகம் வெளுத்தது. ஆனால் ஆள் கெட்டிக்காரர், உடனே சமாளித்துக்கொண்டார்.

"நல்லது பூவராகரே. எதிரியைப் பிடித்துவிட்டீர். ஏவியவன் யார் என்று தெரிய வேண்டாமா? வரும் பௌர்ணமிக்குள் இந்தக் கைதியைப் பேச வையும். பேசினால் உம் மனைவி விடுதலை. பேசாவிட்டால் அரசரின் ஆபத்துக் காலத்தைக் கேலி செய்த குற்றத்துக்கு உம் தலை போகும். சரிதானே அரசே?"

மன்னர் தலையாட்டினார். அவர் எப்போதும் ஆட்டுவார்.

"சரிதான்" என்றான் பூவராகன். "ஆனால் இது இராஜத் துரோகி. துரோகிகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைப்பது நம் வழக்கம். கைதிக்குத் தினம் ஒரு குடம் தண்ணீர் கொடுப்பதும் வழக்கம். இரண்டையும் இதற்கும் செய்ய உத்தரவாக வேண்டும்."

கட்டையைப் புதைத்தால் என்ன, புதைக்காவிட்டால் என்ன என்று பிரதானியே சம்மதம் சொன்னார். தம் வீட்டுக் கொல்லையில் எது எப்படி முளைக்கிறது என்று அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. சமையல் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பூவராகன் காட்டிய இடத்தில், பெண்கள் சிறையின் முற்றத்தில் கம்பிகளை ஒட்டிக் குழி வெட்டினார்கள். இரண்டு சேவகர்கள் வேலோடு காவல் நின்றார்கள். சிறைத் தலைவன் உடையான், கைதி தப்பி ஓடாதபடி சுற்றிலும் முள்வேலி கட்டலாமா என்று தீவிரமாக யோசித்தான். பூவராகன் கம்பிக்குப் பின்னால் நின்ற மனைவியைப் பார்த்தான். இளைத்திருந்தாள்.

"ஏங்க, ஒழுங்கா சாப்பிடுறீங்களா? முகமெல்லாம் வாடிக் கிடக்கு" என்றாள் அவள்.

"நானா? உன் கையால சாப்பிடாததுல வயிறு நல்லாயிருக்கு."

"ம், அப்புறம்?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. காவலர்கள் பார்க்கிறார்களே என்று மூக்கைச் சிந்திக்கொண்டான்.

"இங்க பாரு குஞ்சம்மா. இந்தக் கைதிக்கு வேளா வேளைக்குத் தண்ணி ஊத்தணும். பௌர்ணமி வரைக்கும் இவனை நீதான் பாத்துக்கணும். இவன் வாயைத் தொறந்தாத்தான் நாம ரெண்டு பேரும் வீட்டுக்குப் போவோம்."

அவள் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, தகடு கிழிந்த இடத்தைக் கட்டை விரலால் தேய்த்து முகர்ந்தாள். பிறகு புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். குடத்தைக் கொண்டா என்று உடையானிடம் கையை நீட்டினாள்.

வெயில் கடுமையான மாதம். கைதிக்கு வந்த குடம் போதவில்லை. குஞ்சம்மாள் தன் குடிதண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றினாள். நாட்கள் போயின. நிலா வளர்ந்தது. கால் நட்டு வைத்தபடி அப்படியே நின்றது. பூவராகன் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனான். கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே போவான். ஒரு நாள் விடியலில், கிழிந்த தகட்டின் ஓரத்தில் மிளகு அளவில் பச்சையாக ஒன்று எட்டிப் பார்த்தது. இரண்டு நாளில் அது விரிந்து கொத்து இலையானது. பக்கத்திலும் தகட்டைக் கிழித்துக்கொண்டு துளிர் வந்தது.

உடையான் மிரண்டுபோய் ஓடினான். கைதிக்குக் கை கால் முளைக்கிறது என்று பிரதானியிடமே போய்ச் சொன்னான். பிரதானிக்கு அப்போதுதான் தலை சுற்றியது. பிடுங்கி எறி என்று சொல்ல முடியாது. அரசரின் கைதி. கட்டளை எழுதியவரே அவர்தான். விடிந்தால் பௌர்ணமி. சிந்தித்துச் சிந்தித்து, அன்று நடுப்பகலில் காவலர்கள் சோற்றுக்குப் போன நேரமாகப் பார்த்து, தம் வீட்டுச் செல்ல ஆட்டைச் சிறைக் கதவு வழியாக உள்ளே தள்ளிவிட்டார். கழுத்தில் வெள்ளி மணி கட்டிய கொழுத்த ஆடு. அது நேரே போய் முருங்கைத் துளிரில் வாயை வைத்தது.

குஞ்சம்மாள் போட்ட கூச்சலில் சிறையே எழுந்துவிட்டது. கம்பி வழியாகக் கையை விட்டு ஆட்டின் கொம்பைப் பிடித்துக்கொண்டாள். அது முட்டி இழுத்தது. வளையல் நொறுங்கிக் கையில் இரத்தம் வந்தது. அவள் விடவில்லை. உடையான் ஓடி வருவதற்குள் துளிர் முழுவதும் போய், உச்சியில் ஒரே ஒரு கொத்து மிச்சம் இருந்தது.

"உடையாரே, இதையும் பிடிச்சுக் கட்டுங்க. கைதி வாயை அடைக்க வந்த கூட்டாளி" என்றாள் அவள் மூச்சு வாங்கிக்கொண்டே. கட்டளைப்படி குலம் கோத்திரம் கேளாமல் உடையான் ஆட்டுக்கும் விலங்கு போட்டான்.

பௌர்ணமி அன்று அவை நிரம்பி வழிந்தது. மன்னர் ஒரு சாதாரண முக்காலியில், அதையும் இரண்டு முறை அசைத்துப் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருந்தார். மண்ணோடு தோண்டி எடுத்த காலைத் தொட்டியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பின்னால் ஆடு வந்தது. அதற்குப் பின்னால், கையில் துணிக்கட்டோடு குஞ்சம்மாள் வந்தாள்.

"கைதி பேசியதா?" என்றார் மன்னர்.

"பேசிவிட்டது மன்னவா. தாங்களே அருகில் வந்து கேட்க வேண்டும்."

மன்னர் இறங்கி வந்து குனிந்தார். இலையைத் தொட்டார். ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டு மென்றார். சாப்பாட்டு விஷயத்தில் அவரை ஏமாற்ற ஒருவராலும் முடியாது.

"முருங்கைக்கீரை!" என்று கத்தினார். "என் எடையைத் தாங்க எனக்கு முருங்கைக் கட்டையா? இந்தக் காலைப் போட்டது யார்?"

அவையில் எல்லோரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மன்னர் இன்னொரு முறை கேட்டார். பூவராகன் கைகட்டி நின்றான்.

"மன்னவா, அந்தப் பெயரைச் சொன்னால் நாக்கு போய்விடும். ஆனால் பார்க்கக் கூடாது என்று கட்டளையில் இல்லை."

அவ்வளவுதான். அமைச்சர்கள், புலவர்கள், கட்டியக்காரன், காவலர்கள், விசிறி வீசுகிறவர்கள், எல்லோருடைய தலைகளும் ஒன்றாகத் திரும்பிப் பிரதானி கார்மேகரைப் பார்த்தன. பிரதானி வேறு வழியின்றித் தமக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. அந்த நேரத்தில் பூவராகன் ஆட்டின் விலங்கைக் கழற்றினான். அது வெள்ளி மணி குலுங்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே பிரதானியிடம் போய், "மே" என்று அவர் பட்டு வேட்டியில் முகத்தைத் தேய்த்தது.

மன்னரின் கண் சிவந்தது. மீசை துடித்தது. வாளைத்தான் உருவப்போகிறார் என்று எல்லோரும் நடுங்கினார்கள். அவர் ஆட்டைப் பார்த்தார். பிரதானியைப் பார்த்தார். தங்கத் தகட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த கீரைக் கொத்தைப் பார்த்தார். ஒரு முருங்கைக் கிளைக்காக முரசடித்து, பல் எடுப்பானவனைப் பிடித்து, கொட்டாவி விட்டவனைப் பிடித்து, ஊரையே உம்மென்று உட்கார வைத்ததை நினைத்தார். வயிற்றிலிருந்து கிளம்பியது சிரிப்பு. முக்காலியில் போய் விழுந்து, அது ஆட ஆடச் சிரித்தார். கண்ணில் நீர் வழியச் சிரித்தார்.

வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

"ஏன் எல்லோரும் சும்மா இருக்கிறீர்கள்?" என்றார் மன்னர் மூச்சு வாங்க.

"சிரித்தால் சிறை, மன்னவா" என்றான் பூவராகன். "தாங்கள் சிரித்தாயிற்று. சிறையில் இப்போது இருக்கிறவர்களே உட்கார்ந்துகொண்டு தூங்குகிறார்கள். தங்களுக்குப் படுக்க இடம் வேண்டுமென்றால் பத்துப் பேரையாவது வெளியே விட வேண்டும்."

"பத்துப் பேரா? எல்லோரையும் விடு! ஆபத்துக் காலம் முடிந்தது!"

அதன் பிறகு அவை சிரித்த சிரிப்பில் புறாக்கள் கோபுரத்தை விட்டுப் பறந்தன. தெருவுக்குச் செய்தி போய், தெருவும் சிரித்தது. அடக்கி வைத்திருந்த கல்யாண வீடுகள் எல்லாம் சேர்த்து வைத்துச் சிரித்தன. பிரதானியின் வீட்டு ஊஞ்சல் சிம்மாசனத்துக் காலாகத் திரும்பி வந்தது. தச்சர் அதை இழைத்து முடிக்கும் வரை, முறிந்த மூலையைப் பிரதானி தம் தோளில் தாங்க வேண்டும் என்று உத்தரவானது. அந்த நாட்களில் மன்னர் வேண்டுமென்றே அதிகம் பாயசம் சாப்பிட்டார்.

"பூவராகா, என்ன வேண்டும் கேள்" என்றார் மன்னர். தம் முத்து மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். போக இருந்த கழுத்து அது.

"மாலை போதும் மன்னவா. இன்னும் ஒரு சிறு விண்ணப்பம். இந்தக் காலை அரண்மனை வாசலில் நட்டு வளர்க்க வேண்டும். மரமானதும் அந்த ஆபத்து முரசைக் கொண்டுபோய் அதன் உச்சிக் கிளையில் கட்ட வேண்டும். அடிக்க வேண்டும் என்று தோன்றினால், மன்னர் தம் திருமேனியோடு தாமே மரம் ஏறி அடிக்க வேண்டும்."

மன்னர் தம் வயிற்றைப் பார்த்துக்கொண்டார். முருங்கைக் கிளையை நினைத்துப் பார்த்தார். மறுபடி வாய்விட்டுச் சிரித்து, அப்படியே ஆகட்டும் என்று முத்திரை மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

அப்போது தூண் ஓரத்தில் ஒரு சத்தம் கேட்டது. குஞ்சம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்தும் நிற்கவில்லை. பூவராகன் மன்னரையும் மறந்து, முத்து மாலையையும் மறந்து, வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தான்.

"என் விகடத்துக்கா சிரிக்கிற?" என்றான்.

"ஆமா, ரொம்பத்தான்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அவள். "ராசா மரம் ஏறுறத நெனச்சேன், சிரிப்பு வந்துருச்சு. வாங்க, வீட்டுக்குப் போய் உலை வைக்கணும்."

மரம் வளர்ந்தது, முரசும் அதன் உச்சியில் ஏறியது. அதன் பிறகு அந்த நாட்டுக்கு எத்தனையோ மன்னர்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் என்றாவது ஒரு நாள் கோபம் வரும், காதில் ஓதவும் ஆள் இருக்கும். விறுவிறுவென்று வாசல் வரை போவார்கள். மரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். கொஞ்சம் கீரை பறித்துக்கொண்டு உள்ளே திரும்பிவிடுவார்கள்.